வரியைக் குறைக்கலாம், மறைக்கக் கூடாது!



"நமக்கு எதுக்கு வருமான வரி? நாம என்ன சம்பாதிக்கிறோமா?" என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். இன்னும் சில வருடங்களில் நாமும் சம்பளம் வாங்கப் போகிறோம். அதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுக்கலாமே!

வருமானத்தை மறைப்பதும், குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ரசீது காட்டுவதும் சட்டப்படி தவறு. சட்டமே கொடுத்திருக்கும் சலுகையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. இந்தச் சலுகைகளில் இரண்டு வகை உண்டு.

கழிவு: வருமானத்திலிருந்து கழிப்பது.
தள்ளுபடி: போட்டு வந்த வரியிலிருந்தே கழிப்பது.

இரண்டும் ஒண்ணுதானே என்று நினைக்காதீர்கள். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 10,000 ரூபாய் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 2,000 ரூபாய்தான். 10,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்தால் முழுசாக 10,000 ரூபாய் மிச்சம்!

முன்பு சேமிப்புக்குப் பிரிவு 88-ன்படி தள்ளுபடி இருந்தது. 2005-06 முதல் அது போய், பிரிவு 80சி என்ற கழிவு வந்தது. அதன் உச்சவரம்பு முதலில் 1 லட்சம். 2014-ல் 1.5 லட்சம் ஆனது.

பழைய வரி முறையில் உள்ள முக்கியக் கழிவுகள்:

1. நிலையான கழிவு (சம்பளக்காரர்களுக்கு): 50,000 ரூபாய்.
2. 80சி: பி.எஃப்., ஆயுள் காப்பீட்டு பிரீமியம், வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் வரை. இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் இதில் சேரும். (நம் ஃபீஸ் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்! ஆனால் பஸ் கட்டணம், நன்கொடை சேராது.)
3. 80டி: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், குடும்பத்துக்கு 25,000 வரை. 60 வயது தாண்டிய பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை.
4. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி: 2 லட்சம் வரை.

புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000. மேலே சொன்ன 2, 3, 4 கிடையாது. ஆனால் வரி விகிதம் குறைவு. 2025-26 நிதியாண்டில் நிகர வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை தள்ளுபடியும் உண்டு. (பங்கு விற்ற லாபம் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு.)

இதில் என் மாமாவுக்கு வந்த சிக்கலைச் சொல்கிறேன். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். பிப்ரவரி மாதம் ஒரு முகவர் வந்து, "சார், ஒன்றரை லட்சத்துக்குப் பாலிசி போடுங்க, 31,200 ரூபாய் வரி மிச்சம்" என்றார். மாமா அத்தையின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்தார். நான் நோட்டில் இப்படிக் கணக்குப் போட்டேன்:

அ) பழைய முறை, பாலிசி இல்லாமல்: 9,00,000 – 50,000 = 8,50,000. வரி 82,500. 4% செஸ் சேர்த்து 85,800.

ஆ) பழைய முறை, பாலிசியோடு: 8,50,000 – 1,50,000 = 7,00,000. வரி 52,500. செஸ் சேர்த்து 54,600.

இ) புதிய முறை: 9,00,000 – 75,000 = 8,25,000. வரி 22,500. தள்ளுபடி 22,500. கட்ட வேண்டியது பூஜ்யம்!

முகவர் சொன்ன 31,200 பொய் இல்லை. ஆனால் அது அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள வித்தியாசம். இ-யை அவர் சொல்லவே இல்லை. வரியே இல்லாதவர் வரியை மிச்சப்படுத்த எதற்கு நகையை அடகு வைக்க வேண்டும்? குடும்பப் பாதுகாப்புக்குக் காப்பீடு தேவைதான். அதை அந்தத் தேவைக்காக எடுக்க வேண்டும், வரிக்காக அல்ல. மாமாவும் கணக்கைப் பார்த்துவிட்டு, "நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா" என்றார்.

அப்படியானால் பழைய முறை வீணா? இல்லை. சம்பளம் 15 லட்சம் என்றால் புதிய முறையில் வரி 97,500. பழைய முறையில் எல்லாக் கழிவும் சேர்ந்து 5,93,750-ஐத் தாண்டினால்தான் வரி இதைவிடக் குறையும். வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன், 80சி எல்லாம் உள்ளவருக்கு அது லாபமாகலாம்.

நினைவில் வையுங்கள்:

* ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் (2023-24 முதல்). சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம்.
* தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும், வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.
* 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். அதில் பிரிவு எண்கள் வேறு. விகிதங்களும் பட்ஜெட்டில் மாறலாம். அந்தந்த ஆண்டின் கணக்கைப் பாருங்கள்.

பணத்தைப் போடும் முன் இரண்டு முறையிலும் கணக்குப் போடுங்கள். கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும். ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகூடப் போடலாம்!



– பதினோராம் வகுப்பு மாணவி, வணிகவியல் பிரிவு