வேகமா ஓடணுமா, விழாம ஓடணுமா?

(கணினிப் பகுதி)



இந்த முறை 'ஓவர்கிளாக்கிங்' பற்றி எழுதுகிறேன். ஒரு கருவியை, செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட வைப்பதற்கு அந்தப் பெயர். புத்தகத்தில் படித்ததைவிட, எங்க அண்ணன் கடையில் பட்டு அறிந்ததுதான் இதில் அதிகம்.

அண்ணன் ஜமுனாமரத்தூர் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 4 ஜிபி ரேம் இரண்டு அதில் இருக்கிறது. டி.டி.ஆர்.3 வகை, வேகம் 1333. மெஷின் மெதுவா இருக்குன்னு ஒரு நாள் பயாஸுக்குள் போய் 1333-ஐ 1600 ஆக்கிட்டார். வேறு எதையும் மாற்றவில்லை. விண்டோஸ் ஒழுங்கா வந்தது. "பாத்தியாடா, காசு செலவில்லாம வேகம்!" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

பத்து நாள் போனது. எங்க ஊர் அக்கா ஒருத்தங்க கல்லூரி விண்ணப்பம் போட வந்தாங்க. அன்று கடைசி நாள். சாதிச் சான்றிதழை முந்தைய வாரமே ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் அசலை எடுத்து வரவில்லை. அந்த ஃபைலைத் திறந்தால் பாதிப் பக்கம்தான் தெரிந்தது, மீதி வெறும் சாம்பல் நிறம். இரண்டாவது முறை திறந்தால் நீலத்திரை. மாலை பஸ்ஸும் போய்விட்டது. ஒருவர் பைக்கில் போய் அசலை எடுத்து வந்தார். அதற்குள் அண்ணன் ரேமைப் பழையபடி 1333-க்கு மாற்றி வைத்தார். புதுசா ஸ்கேன் செய்து அனுப்பி முடிக்கும்போது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்கவே எங்களுக்குக் கூச்சமா இருந்தது.

ஏன் இப்படி ஆச்சு?

ரேமுக்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த முறைக்கு ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்றார். இந்த அறைகள் ஓட்டைக் குடம் மாதிரி, மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லா அறைகளையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும்.

ஒரு அறையிலிருந்து விடை வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் 'சி.எல்.'. அண்ணன் ரேமுக்கு அது 9. ஒரு துடிப்பின் நேரம் தெரிய 2000-ஐ வேகத்தால் வகுத்தால் போதும், விடை நானோ நொடியில் வரும்.

1333 வேகம்: துடிப்பு 1.5. காத்திருப்பு 9 × 1.5 = 13.5 நானோ நொடி.
1600 வேகம்: துடிப்பு 1.25. காத்திருப்பு 9 × 1.25 = 11.25 நானோ நொடி.

பார்த்தீங்களா? வேகத்தை மட்டும் மாற்றியதாக நினைத்தோம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வெட்டிவிட்டோம். காங்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்களே, அது மாதிரிதான். முதல் ஆள் வேகத்தைக் கூட்டிவிட்டால், நடுவில் ஒருவர் பிடிக்கும் முன்பே அடுத்த சட்டி வந்துவிடும்.

ஒரு பிட் மாறினால் என்ன?

கம்ப்யூட்டரில் '8' என்ற எழுத்து 00111000. '9' என்பது 00111001. கடைசி பிட் ஒன்றுதான் வித்தியாசம். பிறந்த ஆண்டு 2008 என்பது 2009 ஆகிவிடும்! தமிழிலும் அப்படித்தான். யூனிகோடில் 'ம'வும் 'ய'வும் அடுத்தடுத்த எண்கள், கடைசி பிட் மட்டும் வேறு. 'மலை' என்பது 'யலை' ஆகலாம். நம்ம வீட்டு ரேமில் பிழை திருத்தும் வசதி பெரும்பாலும் கிடையாது. நீலத்திரை வந்தால்கூடப் பரவாயில்லை, தப்பு நடந்தது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தப்பாகச் சேமிப்பதுதான் ஆபத்து.

சூடும் ஒரு எதிரி

சூடு ஏறினால் கசிவு கூடும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 64-க்குப் பதில் 32 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நம்ம மலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கு. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அதுபோன்ற தொலைநோக்கிகளின் கேமராச் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர வைக்கிறார்கள். சூட்டினால் உண்டாகும் பொய்யான மின்னூட்டம் படத்தில் சேரக்கூடாது என்பதற்காக. அங்கே மங்கலான விண்மீன், இங்கே சான்றிதழ். இரண்டு இடத்திலும் எதிரி ஒன்றுதான்.

அப்போ ஓவர்கிளாக் செய்யவே கூடாதா?

செய்யலாம், முறையாகச் செய்தால். பிறகு நாங்கள் செய்தது இது:

1. முக்கியமான ஃபைல்களை எல்லாம் முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தோம்.
2. பழைய எண்கள் அனைத்தையும் நோட்டில் எழுதினோம்.
3. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.
4. பென்டிரைவில் 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவசச் சோதனையைப் போட்டு, விண்டோஸ் இல்லாமல் ஓடவிட்டோம். ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான்.
5. மின்னழுத்தம் 1.5 வோல்ட். அதில் கை வைக்கவில்லை. கூட்டினால் சூடும் கூடும்.

1600, சி.எல். 9: கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வரிகள். 1600, சி.எல். 11: காத்திருப்பு 11 × 1.25 = 13.75 நானோ நொடி. இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. மறுநாள் மதிய வெயிலிலும் ஓட்டினோம், அப்பவும் இல்லை.

ஒருவேளை மெஷின் ஆன் ஆகாமலே போனால் பயப்பட வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கி, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பள்ளி லேபில் மட்டும் யாரும் முயற்சி செய்யாதீங்க!

கடைசியில் அண்ணன் எதை வைத்தார் தெரியுமா? 1333-ஐத்தான்! "1600-ம் பாஸ் ஆச்சேண்ணா?" என்றேன். "ஃபாரம் திறக்க அதே நேரம்தாண்டா ஆகுது. மெதுவா இருந்தது ரேம் இல்ல, பழைய ஹார்டு டிஸ்க்கு. ஊரு சனம் காகிதத்த நம்பிக் குடுக்குது. எனக்கு அந்த வேகம் வேண்டாம்" என்றார். அப்புறம் காசு சேர்த்து ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினார். இப்போ நிஜமாவே வேகம்.

நண்பர்களே, வேகத்தைக் கூட்டும் முன் எது மெதுவா இருக்குன்னு கண்டுபிடியுங்கள். கூட்டிய பின் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

நீங்களே கண்டுபிடியுங்கள்:
அ) வேகம் 1066, சி.எல். 7. காத்திருப்பு எவ்வளவு?
ஆ) '3' என்பது 00110011. கடைசி பிட் மாறினால் எந்த எண் வரும்?

(விடை: அ. சுமார் 13.1 நானோ நொடி. ஆ. 2)

— 12ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு