குளிர் மாதங்களை வீட்டோடு கொண்டாடுங்கள்!

மழை மெல்ல ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் நம் ஊரின் அருமையான நாட்கள். அவற்றை வீணாக்காமல் அனுபவிக்கச் சில குறிப்புகள்:

* புது அகல் விளக்குகளைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு ஏற்றுங்கள். மண் அதிகம் எண்ணெய் குடிக்காது.

* கோலத்தைப் பச்சரிசி மாவில் போடுங்கள். எறும்புக்கும் அணிலுக்கும் உணவாகும். ஓரத்தில் காவி தீட்டி, நடுவில் பூசணிப்பூ வைத்தால் வாசலே நிறைந்துவிடும்.

* சென்னைவாசிகள் ஒருநாள் பயணமாக வேடந்தாங்கல் போய்வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் வரும் காலம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதிகாலையோ, பறவைகள் கூடு திரும்பும் மாலையோ நல்ல நேரம். பைனாகுலரை மறக்காதீர்கள். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

* பண்டிகைக் கேக்குக்கான திராட்சை, பேரீச்சையை முதல் நாள் இரவே ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். மறுநாள் வடித்து, சிறிது மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் தங்காது.

* கேக் சுட ஓவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் கல்லுப்பு பரப்பி, உள்ளே ஸ்டாண்ட் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு கேக் கலவையை உள்ளே வைத்து, மிதமான தீயில் வேகவிடுங்கள். 45 நிமிடம் கழித்துக் குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாவிட்டால் தயார். முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள், உதிராது.

முதல் துண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பகிர்ந்து உண்ணும்போதுதான் பண்டிகை முழுமையாகிறது.