தறியருகே தொடங்கும் கல்வி

தேவிகாபுரத்தில் தந்தை பட்டுத்தறியில் அமர்ந்திருக்க, தாய் தார் சுற்ற, மூன்று வயதுக் குழந்தை அருகிருந்து பார்த்துக் கொண்டிருப்பது நாம் அறிந்த காட்சியே. குழந்தை தொல்லை தராமல் இருந்தாற் போதும் என எண்ணிவிடலாகாது. மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி ஆறு வயதிற்குள் நிகழ்ந்து விடுகிறது. அதற்குச் சத்துள்ள உணவைப் போன்றே பேச்சும் விளையாட்டும் இன்றியமையாதனவாம்.

இதற்குத் தனிச் செலவு வேண்டுவதில்லை. “இது என்ன நிறம்? இதே நிற நூல் எங்கே?” எனத் தாய் கேட்கலாம், சுற்றிய தார்களை எண்ணச் சொல்லலாம். விடை பிழையாயினும் கடிந்துகொள்ளாமல் சரியானதை எடுத்துச் சொல்லுதல் வேண்டும். குழந்தை கேள்வி கேட்டால் வேலையினிடையேயும் மறுமொழி கூறுவது நன்று. கத்தரிக்கோல், சாயம் முதலியன கைக்கெட்டாதிருக்கட்டும்.

1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் இணை உணவும் முன்பருவக் கல்வியும் கிடைக்கின்றன. குழந்தையின் எடையும் அங்கே பார்க்கப்படுகிறது. எடை குறைந்தால் பெற்றோர் உடனே அங்கன்வாடிப் பணியாளருடன் கலந்து பேசுதல் வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஆயினும், முகூர்த்த நாள் நெருங்கும் அவசரத்தில் பிள்ளையைத் தார் சுற்ற வீட்டில் நிறுத்தினால் இவற்றால் விளையும் பயன் குன்றும். சேலையை இரண்டு நாள் தாமதித்தும் நெய்து கொடுக்கலாம். இளம்பருவம் மீண்டும் வாராது.

ஆசிரியரும் குழந்தை தறியருகே அறிந்த நிறங்களையும் எண்களையும் கொண்டே பாடத்தைத் தொடங்குவாராக. வீடும் பள்ளியும் பாவும் ஊடையும் போல் இணைந்தாலன்றிக் குழந்தையின் வளர்ச்சி நிறைவுறாது.