புரோகிராமில் கமெண்ட் எழுதுவது எப்படி?

புதிதாக புரோகிராம் எழுதப் பழகுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத வரியை நான் எதற்கு டைப் செய்ய வேண்டும்?" நியாயமான கேள்விதான். கமெண்ட் என்பது அந்தப் புரோகிராமை அடுத்துத் திறக்கும் ஆளுக்கு எழுதி வைக்கும் குறிப்பு. என் வேலையில் புதிதாக எழுதுவதைவிட, பிறர் எழுதியதைப் படிப்பதற்கே அதிக நேரம் போகிறது. அப்போது கை கொடுப்பது இந்தக் குறிப்புகள்தான்.

என்ன அடையாளம்?

மொழிக்கு மொழி அடையாளம் மாறும்.

பைத்தான்: # குறியில் இருந்து அந்த வரி முடியும்வரை கமெண்ட். மேற்கோள் குறிகளுக்குள் வரும் # மட்டும் இதில் சேராது.

சி: /* என்று ஆரம்பித்து */ என்று முடிக்க வேண்டும். எத்தனை வரிகள் வேண்டுமானாலும் எழுதலாம்.

சி++, ஜாவா: மேலே சொன்னதோடு, ஒரு வரிக்கு மட்டும் // போடலாம். 1999-ம் ஆண்டுத் தரத்தில் இருந்து சி மொழியிலும் இது உண்டு.

சி மொழியில் ஒரு /* கமெண்ட்டுக்குள் இன்னொன்றை வைக்காதீர்கள். முதலில் வரும் */ குறியோடு கமெண்ட் முடிந்துவிடும். மிச்சத்தைக் கட்டளை என நினைத்து கம்பைலர் எர்ரர் காட்டும்.

கமெண்ட்களை கம்பைலர் ஒதுக்கிவிடும். எனவே புரோகிராமின் வேகம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

என்ன எழுதுவது?

ஏ.சி. விற்கும் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் 3-ல் வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

மொத்தம் = விலை * 1.28  # விலையை 1.28 ஆல் பெருக்கு

இந்த கமெண்ட்டால் பயன் இல்லை. பெருக்குவது வரியிலேயே தெரிகிறது. ஏன் 1.28 என்பதுதான் தெரியவில்லை.

மொத்தம் = விலை * 1.28  # ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம்

இது உதவும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. ஒருவர் 1.28-ஐ 1.18 என மாற்றிவிட்டு, கமெண்ட்டை அப்படியே விட்டுவிட்டால்? அடுத்து வருபவர் கமெண்ட்டை நம்பி மீண்டும் 1.28 ஆக்கிவிடலாம். கம்ப்யூட்டர் எந்த எர்ரரும் காட்டாது. ஆனால் 30,000 ரூபாய் ஏ.சி.க்கு 35,400 ரூபாய் தர வேண்டிய வாடிக்கையாளர் 38,400 ரூபாய் தருவார். தவறான கமெண்ட்டைவிட கமெண்ட் இல்லாமல் இருப்பதே மேல்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

# ஏ.சி.க்கான விகிதம், 22-9-2025 முதல்
ஜிஎஸ்டி = 0.18
மொத்தம் = விலை * (1 + ஜிஎஸ்டி)

எண் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. எப்போது முதல், எதற்கு என்பதை கமெண்ட் சொல்கிறது. விகிதம் மாறினால் அருகருகே உள்ள இரண்டு வரிகளைத் திருத்தினால் போதும்.

இன்னும் இரண்டு

புரோகிராமில் தவறு எங்கே என்று தெரியவில்லையா? சந்தேகமான வரியின் முன்னால் # போட்டு இயக்கிப் பாருங்கள். வரியை அழிக்காமலேயே நிறுத்தி வைக்கலாம்.

வெப் பக்கங்களில் <!-- --> குறிக்குள் எழுதும் கமெண்ட் திரையில் தெரியாது. ஆனால் பிரவுசரில் சோர்ஸைத் திறக்கும் யாரும் படிக்கலாம். பாஸ்வேர்டை அங்கே எழுதி வைக்காதீர்கள்.

நீங்கள் கடைசியாக எழுதிய புரோகிராமை இன்றே திறங்கள். "ஏன்?" என்று கேட்கத் தோன்றும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கமெண்ட் சேருங்கள்.