கேட்டலோனியாவில் குழந்தைகளோடு: காலையில் கால்களுக்கு வேலை, மதியத்துக்கு மேல் விடுமுறை

ஐரோப்பா போகலாம் என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் தயாராவது ஊர்ப் பட்டியல்தான். பத்து நாளில் ஐந்து நாடு, தினம் ஒரு ஹோட்டல், விடியற்காலையில் பஸ். பெரியவர்களே தூங்கி வழியும் அந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது ஹோட்டல் லிஃப்ட் மட்டும். இங்கே சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான திட்டம். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் கேட்டலோனியாவுக்கு மட்டும் போவது. அங்கேயும் இரண்டே இடங்களில் வீடு எடுத்துத் தங்குவது. கடைசி இரண்டு நாள் பார்சிலோனா. தினமும் காலையில் உடம்பு நன்றாக உழைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் யாரையும் எங்கும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மற்றதெல்லாம் இதைச் சுற்றி அமைவதுதான்.

முதலில் மாதம்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பள்ளி விடுமுறைதான் தேதியைத் தீர்மானிக்கிறது. நல்ல வேளையாக, மே மாதம் அங்கே மிக இதமான காலம். மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும், நடக்க வெயில் தொந்தரவில்லை, கூட்டமும் குறைவு. ஒரே குறை, கடல் நீர் சில்லென்று இருக்கும். பெரியவர்கள் கணுக்காலோடு நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் எப்படியும் இறங்கிவிடுவார்கள். லண்டன், பாரிஸ், சூரிச்சில் இருக்கும் நம்மவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் வாய்க்கும் என்றால் ஜூலை முதல் பாதியைப் பிடியுங்கள். ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் கடற்கரையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு.

ஜூன் 23 இரவு சான் ஜுவான் பண்டிகை. தெருவெங்கும் சொக்கப்பனை போலத் தீ மூட்டி, விடிய விடியப் பட்டாசு வெடிப்பார்கள். வெடிச் சத்தத்துக்கு மிரளும் குழந்தை இருந்தால் அன்று ஊரை விட்டு ஒதுங்கிய பண்ணை வீட்டில் இருப்பது நல்லது.

விசாவும் டிக்கெட்டும்

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினமாகும் என்பதால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. ஆறு வயது நிரம்பாதவர்களுக்கு இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் அழைத்துப் போவதாக இருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

விமானம் மாறி, பல மணி நேரம் கழித்துப் போய் இறங்கும் அன்றே கார் ஓட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பாதீர்கள். முதல் இரவு விமான நிலையம் பக்கத்திலேயே தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் காரை வாங்கிக்கொள்ளலாம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் தூக்கக் கலக்கம் இன்னும் ஆபத்து. சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 135 சென்டிமீட்டரும் அதற்குக் குறைவான உயரமும் உள்ள பிள்ளைகள் பின் இருக்கையில், அவர்களுக்கான சீட்டில்தான் உட்கார வேண்டும். முன்பதிவிலேயே அந்த சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கே தங்குவது

விமான நிலையத்து இரவுக்குப் பிறகு ஐந்து, ஆறு இரவுகளுக்கு கரோட்சா பகுதி. ஒலோட் நகரத்தைச் சுற்றியுள்ள எரிமலை நாடு இது. பார்சிலோனாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இங்கே ஹோட்டலைத் தேடாமல், கிராமத்துப் பழைய கல் வீடுகளைத் தேடுங்கள். ‘மசியா’ என்று பெயர். சுவர் கனமாக இருப்பதால் கோடையிலும் உள்ளே குளுமை தங்கும். பல வீடுகளில் கோழி, ஆடு, கழுதை இருக்கும். பிள்ளைகளுக்குக் காலை ஏழு மணி பொழுதுபோக்கு அதிலேயே முடிந்துவிடும், உங்களுக்கு நிம்மதியாக ஒரு காபி கிடைக்கும். பதிவு செய்யும்போது சமையலறை, வாஷிங் மெஷின், நீச்சல் குளத்துக்குத் தடுப்பு வேலி ஆகிய மூன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகையோடு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் வாங்குவார்கள். 16 வயது வரை அது கிடையாது.

அடுத்த நான்கு இரவுகளுக்குக் கடலோரம். ஒலோட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் லஸ்காலா. கோஸ்டா பிராவா கடற்கரையின் பெரும்பகுதி பாறையும் குறுகிய விரிகுடாவுமாக இருக்கும். படத்தில் பார்க்க அழகு, நீந்தத் தெரியாத குழந்தையோடு இறங்கச் சிரமம். லஸ்காலா பக்கம் மணலும் ஆழமில்லாத தண்ணீரும் இருக்கிறது.

கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் ஜிரோனா நகரத்தில் தங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வரலாம். பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் ஜிரோனா 40 நிமிடம்தான். ஆனால் மசியா வாழ்க்கையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எரிமலை மேல் ஏறும் நாள்கள்

கரோட்சாவில் சுமார் 40 எரிமலைகள் உண்டு. எல்லாம் அடங்கிப்போனவை, மரம் மூடிய குன்றுகளாகத்தான் தெரியும். மூன்று இடங்களைச் சேர்த்து ஒரே நாளில் சுற்றி வரும் நடைபாதை ஒன்று உண்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அதை இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலை சாந்தா மார்கரிதா. காட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி விளிம்பைத் தாண்டினால், எதிர்பார்த்த குழம்பும் புகையும் இருக்காது. வட்டமான பெரிய புல்வெளி, அதன் நடுவே தனியாக ஒரு சின்னக் கல் தேவாலயம். எரிமலை வாய்க்குள் நிற்கிறோம் என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். நம்பவைக்கத்தான் அடுத்தது குரோஸ்காட். கட்டுமானத்துக்காக அந்த எரிமலையின் ஒரு பக்கத்தைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டு விழுந்த இடத்தில் கறுப்பும் செம்மண் நிறமுமாக அடுக்கடுக்காக எரிமலையின் வயிறு தெரிகிறது. கீழே கிடக்கும் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளைத் துளையாக, எடையே இல்லாமல் இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும். 1982 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி அது.

இன்னொரு காலை ஃபஜெடா டென் ஜொர்டா. குரோஸ்காட் கக்கிய லாவா உறைந்து மேடு பள்ளமாகக் கிடக்க, அதன் மேல் வளர்ந்த பீச் (beech) மரக் காடு. மதிய வெயிலிலும் நிழலாக இருக்கும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு இதுவே முதல் தேர்வு. காட்டுக்குள்ளேயே மாட்டுப் பண்ணையும் தயிர்த் தொழிற்சாலையும் நடத்துகிறது ‘லா ஃபஜெடா’ என்ற அமைப்பு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1982இல் தொடங்கியது. முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள். தயிர் சாதத்துக்கு ஏங்கும் வீட்டுக்குத் தயிரும் கிடைத்துவிடும்.

சைக்கிள் நாள்

ஒலோட்டுக்கும் ஜிரோனாவுக்கும் நடுவே 1969 வரை ‘கர்ரிலெட்’ என்ற குட்டி ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். மொத்தம் 50 கிலோமீட்டருக்கு மேல். அதைக் கேட்டு மலைக்க வேண்டாம், முழுவதும் ஓட்டச் சொல்லவில்லை. ரயில் போன பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது.

சூட்சுமம் எங்கே ஏறுவது என்பதில் இருக்கிறது. ஒலோட்டிலிருந்து கிளம்பினால் முதலில் ‘கோல் டென் பாஸ்’ கணவாய் வரை மிதித்து ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜிரோனா வரை இறக்கம். அதனால் கணவாயைத் தாண்டி சான் ஃபெலியு தெ பயரோல்ஸ் ஊரில் தொடங்கி, அமேர் ஊரில் முடித்துக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் ஐஸ்கிரீம் தின்று முடிப்பதற்குள் பெரியவர் ஒருவர் போய் காரை எடுத்து வரலாம். அல்லது, சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர்களிடமே மேலே கொண்டு விடும் வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள், பலரிடம் உண்டு. குழந்தை இருக்கை, பின்னால் மாட்டும் டிரெய்லர், பெரியவர் சைக்கிளோடு இணைக்கும் அரை சைக்கிள் எல்லாம் கிடைக்கும், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே ஹெல்மெட் எப்போதும் கட்டாயம். ஊருக்கு வெளியே பெரியவர்களுக்கும்தான்.

மலை ரயில் பிடிக்கும் பிள்ளை என்றால் ஒரு நாளை நூரியா பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள். ரீபெஸ் தெ ஃப்ரெசெர் ஊரிலிருந்து பல்சக்கர ரயில் 12.5 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. 1931இல் தொடங்கிய பாதை. இன்றும் மேலே போகக் கார் சாலை கிடையாது. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் ஏரி, புல்வெளி, படகு. அங்கிருந்து கெரால்ப்ஸ் ஊர் வரை நடந்தே இறங்கும் பாதையைப் பலரும் புகழ்வார்கள். அழகுதான், ஆனால் கல்லும் படியுமாக முழங்காலைப் பதம் பார்க்கும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் என்றால் இறங்குங்கள். மற்றவர்கள் ரயிலிலேயே திரும்பலாம், குறைவொன்றும் இல்லை.

ஊர் கடிகாரத்துக்கு மாறுங்கள்

மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு, எட்டரைக்கு முன் சமையலறையே திறக்காது. சின்ன ஊர்களில் மதியம் கடைகள் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை பெரும்பாலும் இல்லை. நம் நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறரைக்கு ஹோட்டல் தேடினால் பசித்த பிள்ளையோடு தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். அதனால் மதியம்தான் பெரிய சாப்பாடு. வார நாள்களில் ‘மெனு தெல் தியா’ என்று முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள். பிறகு தூக்கம். ஐந்தரை மணிக்கு ‘பெரெனார்’ என்னும் மாலைச் சிற்றுண்டி, அதற்குப் பிறகு குளமோ கடலோ ஊர்ச் சதுக்கமோ. ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சதுக்கத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, உள்ளூர்ப் பிள்ளைகள் பத்து மணி வரை பந்து உதைப்பார்கள். உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மொழி தேவைப்படாது.

இரவுக்கு வீட்டிலேயே ‘பா அம்ப் தொமாக்கெட்’ செய்துவிடலாம். ரொட்டித் துண்டைச் சுட்டு, நன்றாகப் பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி, கையில் தோல் மட்டும் மிஞ்சும் வரை ரொட்டி மேல் தேய்க்க வேண்டும். மேலே ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். ஆறு வயதுக் குழந்தையே செய்துவிடும். தான் செய்ததால் மிச்சம் வைக்காமல் தின்றும்விடும். கூடவே உருளைக்கிழங்கு ஆம்லெட்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாந்தா பௌ கிராமத்தின் சின்ன வெள்ளை அவரை பிரமாதம், ஆனால் தட்டில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் சேர்ந்து வரும். சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாயில் செய்யும் ‘எஸ்காலிவாடா’ மேல் சில இடங்களில் நெத்திலி வைப்பார்கள். சோறு பெரும்பாலும் மீன் கொதித்த நீரில் வேகும். ‘சென்சே கார்ன், சென்சே பேஷ்’, அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கடலோர நாள்கள்

லஸ்காலாவில் கடலை ஒட்டியே எம்பூரியஸ் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர்கள் அமைத்த ஊர். பின்னால் ரோமர்கள் வந்தார்கள். சுவர்களுக்கும் மொசைக் தரைக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நடக்கவிட்டு, வெளியே வந்ததும் எதிரே இருக்கும் மணலில் இறங்கிவிடலாம். பழைய கிரேக்கத் துறைமுகத்தின் கல் சுவர் ஒன்று கடற்கரையிலேயே நிற்கிறது. தெற்கே எஸ்தார்தித் துறையில் கண்ணாடி அடித்தளப் படகு ஏறினால் மேடஸ் தீவுகளின் மீன்களைப் பார்க்கலாம். நடக்கப் பிடித்தவர்களுக்கு கலெல்யாவிலிருந்து யஃப்ராங்க் வரை பாறை ஓரப் பாதை. அரை மணி நேரம்தான், இரண்டு முனையிலும் குளிக்கலாம்.

இந்தக் கரைக்கே உரியது ‘த்ரமுன்தானா’ என்ற வடகாற்று. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே வீசும். அந்த நாள்களில் காற்றடைத்த மிதவையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், நிமிடத்தில் கரையை விட்டு இழுத்துப் போய்விடும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. காற்று நாளுக்கென்றே ஃபிகெரெஸ் ஊரில் இருக்கும் ஓவியர் டாலியின் அருங்காட்சியகத்தை ஒதுக்கி வையுங்கள். கூரை விளிம்பில் பெரிய பெரிய முட்டைகள், சுவரெங்கும் ரொட்டி உருவங்கள். ஓவியம் பிடிக்காத பிள்ளைகூட அங்கே அலுத்துக்கொள்ளாது.

எந்த ஊரில் இருந்தாலும் திருவிழா அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ‘காஸ்தெல்’ என்ற மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள் என்றால் மற்ற வேலைகளை ஒத்திவைக்கலாம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. தோள் மேல் தோளாக எழும்பும் கோபுரத்தின் உச்சிக்கு ஹெல்மெட் போட்ட ஒரு குழந்தை ஏறி ஒரு கையை உயர்த்தும். தங்கள் வயதுப் பிள்ளை அங்கே நிற்பதைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

பார்சிலோனா கடைசியில்

காரை ஜிரோனாவிலேயே ஒப்படைத்துவிட்டு ரயிலில் போங்கள். நகரத்துக்குள் பார்க்கிங் கட்டணம் கண்ணைக் கட்டும். சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். வாரக்கணக்கில் முன்பே இணையத்தில் எடுங்கள். 11 வயதுக்குக் கீழே இலவசம்தான், ஆனாலும் அவர்கள் பெயருக்கும் டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். காலையின் முதல் நேரத்தை எடுத்தால் கிழக்குக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்குவதைப் பார்க்கலாம். மறுநாள் காஸ்மோகைக்ஷா அறிவியல் அருங்காட்சியகம். அமேசான் காட்டை, வெள்ளத்தோடும் மீன்களோடும், கூரைக்குக் கீழே வளர்த்து வைத்திருக்கிறார்கள். மெட்ரோவிலும் ரம்ப்ளா தெருவிலும் பிக்பாக்கெட் உண்டு. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு, நகலை மட்டும் எடுத்துப் போங்கள். கைப்பேசி பின் பாக்கெட்டில் வேண்டாம்.