நல்லூர் மேடையில் வீணைக்கு ஓர் ஆம்ப்

வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் தரம் தரமாக ஏறி, கலாவித்தகர் வரை வீணை படிக்கப் பல ஆண்டுகள் செல்கின்றன. அந்த வீணை மேடையில் எப்படிக் கேட்கும் என்பதையோ, கச்சேரிக்குச் சற்றுமுன் வந்து ஒயரைச் செருகுகிறவர் தீர்மானித்துவிடுகிறார். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கருவிகள் பேச்சுக்கும் பாட்டுக்கும் என்று அமைந்தவை. ஆகவே வீணை வாசிக்கிறவர் தமக்கென்று ஓர் ஆம்ப் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. கடைக்குப் போய் "இது எத்தனை வாட்?" என்று கேட்டுத் தொடங்கினால் மட்டும் காசு வீணாகும். வீணையின் ஒலி தந்தியில் பிறந்து பிக்கப், பிரீஆம்ப், ஸ்பீக்கர் என்ற வழியில் போகிறது. வாங்குகிறவரும் அதே வழியில் போக வேண்டும். முன்னால் தொலைந்ததைப் பின்னால் வரும் எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது.

வீணைக்கு ஆம்ப் எதற்கு, அது அருகிருந்து கேட்க வேண்டிய வாத்தியம் அல்லவா என்பார்கள். வீட்டு விறாந்தையில் அது சரி. பக்கத்தில் மிருதங்கமும் கடமும், தலைக்கு மேல் மின்விசிறியும் இருக்கும் மண்டபத்தில் அது சரிவராது. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததும் அல்ல. ஜாஸ் இசைக்குழுக்களில் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே கிற்றார் கேட்காமலே போனது. கிப்சன் நிறுவனம் 1936 இல் ஈஎஸ்-150 என்ற, உள்ளே கூடான, காந்தப் பிக்கப் பொருத்திய கிற்றாரையும் அதற்குத் துணையாக ஈஎச்-150 என்ற ஆம்ப்பையும் விற்பனைக்கு விட்டது. 1939 இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அந்தக் கிற்றாரைக் கொண்டே தனி வாசிப்பை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அன்று தொடங்கி, கூடுள்ள கிற்றார்க்காரர் ஆம்ப்பிடம் கேட்பது இரண்டே விடயங்கள்: ஒலி உடையாமல் சுத்தமாக வர வேண்டும், கூடு அதிர்ந்து ஊளையிடக் கூடாது. 1975 இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் பெயர் வாங்கியதே அந்தச் சுத்தத்துக்காகத்தான். இந்த இரண்டு பாடங்களையும் வீணைக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பாடத்தை எடுக்கக் கூடாது. பெரும்பாலான ஜாஸ் கிற்றார்க்காரருக்கு மங்கலான, கனிந்த ஒலியே பிடிக்கும். கிற்றார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடுவது அவர்களுக்கு நன்மை. வீணைக்கு அதுவே கேடு. சி. வி. இராமன் 1921 இல் இந்தியத் தந்தி வாத்தியங்கள் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இதன் காரணம் இருக்கிறது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒலியியலின் விதி. வீணையும் தம்புராவும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று அவர் காட்டினார். குதிரையின் மேற்பரப்பு கூரான விளிம்பாக இல்லாமல் வளைந்து அகன்றிருப்பதால் தந்தி அதிரும்போதே அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அதனால் மேற்சுரங்கள் ஓயாமல் எழுகின்றன. வீணையை வீணை என்று காது அறிவதில் பெரும்பங்கு இந்த மேற்சுரங்களுக்கு உண்டு. அவற்றைக் கிற்றார் ஸ்பீக்கரிடம் கொடுத்தால் பாதி அங்கேயே நின்றுவிடும். இரண்டாம் கையாகக் கிற்றார் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில், வேண்டாம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்து உலகையே கேட்க வைக்கவில்லையா என்றால், வைத்தார். அது குடமில்லாத, கட்டைமரக் கருவி. அங்கே இழக்கக் கூடு இல்லை.

ஆக முதற்படி பிக்கப். காந்தப் பிக்கப் இரும்பை மட்டுமே அறியும். சாரணியும் பஞ்சமமும் உருக்குத் தந்திகள்; மந்தரமும் அனுமந்தரமும் பித்தளையில் இருந்தால் காந்தத்துக்கு அவை அநேகமாக இல்லாத தந்திகள்தான். உருக்கு நடுக்கம்பியின் மேல் சுற்றிய தந்தி போட்டால் ஓரளவு கேட்கும். இன்னொரு தொல்லை கமகத்தில் வரும். ஒரே மெட்டில் தந்தியை இழுத்து நான்கு, ஐந்து சுரம் பேசுவது நம் வழக்கம். தந்தி ஒவ்வொன்றின் கீழும் தனித்தனிக் காந்தக் குமிழ் உள்ள பிக்கப்பில், இழுத்த தந்தி குமிழை விட்டு விலகும்போது ஒலி தணியும். உச்சத்தில் உரக்க வேண்டிய சுரம் ஒடுங்கிப்போகும். காந்தம்தான் வேண்டும் என்பவர் குமிழுக்குப் பதில் நீளப் பட்டை உள்ளதைத் தேட வேண்டும். குடத்தின் பலகையில் ஒட்டும் பியசோ பிக்கப்புக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. மரத்தின் அதிர்வைக் கேட்பதால் பித்தளை, உருக்கு என்ற பேதம் அதற்குக் கிடையாது. குதிரைக்கு அருகே, ஆனால் குதிரையின் உலோகத் தகட்டில் ஒட்டாமல், பலகையில் வைத்து இரண்டு விரல் அகலம் அங்குமிங்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இடம் மாறினால் குணம் மாறும். ஒட்டுவதற்கு மெருகை உரிக்காத மென்பசை போதும். முன்னால் ஒரு நல்ல கண்டென்சர் மைக் வைப்பதே உண்மையான ஒலி என்று சொல்கிறவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை நினைத்துச் சொல்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்வது சரி. மண்டபத்தில் அதே மைக் மிருதங்கத்தையும் மின்விசிறிக் காற்றையும் சேர்த்தே வாங்கும். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும்.

இரண்டாவது படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பியசோவை நேரே மண்டபத்து மிக்சரில் செருகினால் வீணை தகரம்போல ஒலிப்பது ஏன்? பழி பிக்கப்பின் மேல் விழுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. சாதாரண வட்டப் பியசோ வில்லையின் மின்கொள்ளளவு 20 நானோஃபரட் அளவில் இருக்கும். மிக்சரின் லைன் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் படிப்படியாக வெட்டும் வடிகட்டி ஆகிவிடுகின்றன. வீணையின் அடிச்சுரங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அதே வில்லையை 10 இலட்சம் ஓம் உள்ளீடு உள்ள பிரீஆம்ப்பில் செருகினால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. இழப்பு எதுவும் காதுக்குத் தெரியாது. ஆகவே ஆம்ப்பின் விவரத்தாளில் முதலில் தேட வேண்டியது வாட் அல்ல, உள்ளீட்டுத் தடை. 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த அளவு தடையுள்ள சிறிய பிரீஆம்ப்பைத் தனியே வாங்கி இடையில் வைக்க வேண்டும். கையில் காசு குறைவு என்றால் முதலில் இதை வாங்குங்கள், ஆம்ப் பிறகு வரட்டும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். சுருதியை மூன்று கட்டையில் வைத்தால் சாரணியின் ஷட்ஜம் சுமார் 165 ஹேர்ட்ஸ். அனுமந்தரத்தின் பஞ்சமம் சுமார் 62 ஹேர்ட்ஸ். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 இல் நின்றுவிடுகிறது. கிற்றாருக்காக அளந்த பெட்டி நம் அனுமந்தரத்துக்கு ஆழம் போதாது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ஆறரை அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறு பெட்டிகள் அழகாக இருக்கும், தூக்கவும் இலகு. கீழ்த்தந்தியில் அவை பொய் சொல்லும். எட்டு அங்குலம் ஏற்கலாம், பத்து நல்லது. கூடவே மேற்சுரங்களுக்கென்று ட்வீட்டர் என்ற தனிச் சிறு ஸ்பீக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். மிக்சரில் 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் ஒன்று உண்டு. பேச்சாளருக்காக அதை அழுத்தி வைப்பது வழக்கம். வீணை ஏறியதும் அதை விடுவிக்கச் சொல்ல வேண்டும்.

வாட் இப்போது வரலாம். 60 வாட்டுக்குப் பதில் 120 வாட் எடுத்தால் சத்தம் இருமடங்காவதில்லை. 3 டெசிபெல் கூடுகிறது, அவ்வளவுதான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும் என்பதால், வாட்டைக் கூட்டிக் கடைசி வரிசையைத் துரத்துவது தோற்கிற ஓட்டம். அதிக வாட்டின் பயன் வேறு: மீட்டின் முதல் அடி உடையாமல் வர இடம் கிடைக்கிறது. வீணையில் நகம் படும் அந்தக் கணம் மற்ற ஒலியை விடப் பல மடங்கு உயரும். அதற்கு 60 முதல் 100 வரை போதும். நல்லை ஆதீனம், துர்க்கா மணிமண்டபம் அளவிலான அரங்கில் ஆம்ப் தனியாகவே பெரும்பாலான வேலையைச் செய்யும். 600 பேருக்கு மேல் அமரக்கூடிய யாழ்ப்பாணப் பண்பாட்டு மையத்து அரங்கில் அதனால் முடியாது, முயலவும் வேண்டாம். அங்கே ஆம்ப் கலைஞரின் காதுக்கு. அதன் பின்புறத்து டிஐ, அதாவது மிக்சருக்கு நேரே சமிக்ஞை அனுப்பும் வெளியீடு, மண்டபத்துச் சிஸ்டத்துக்கு. மண்டபத்தில்தான் சிஸ்டம் இருக்கிறதே, சொந்த ஆம்ப் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதுதான். பிரீஆம்ப்பும் ஒலியின் குணமும் உங்களுடையவை, உரப்பு மட்டும் அவர்களுடையது. ஆகவே டிஐ வெளியீடு இல்லாத ஆம்ப்பை வாங்க வேண்டாம்.

என்ன வாங்குவது? அக்குஸ்டிக் ஆம்ப் என்று விற்கப்படும் வகை இந்த நிபந்தனைகளுக்கு மிக அருகில் வருகிறது. ஏஈஆர் கொம்பாக்ட் 60 இல் 60 வாட், எட்டு அங்குலம்; ஃபிஷ்மன் லவுட்பொக்ஸ் ஆர்ட்டிஸ்டில் 120 வாட், எட்டு அங்குலத்துடன் ஒரு அங்குல ட்வீட்டர். இவற்றோடு ஒப்பிட்டால், தனிப் பிரீஆம்ப்பும், பவர் ஆம்ப் உள்ளேயே அமைந்த பத்து அங்குலப் பவர்ட் ஸ்பீக்கரும் சேர்ந்த கூட்டணி அத்தனை கௌரவமாகத் தெரியாது. ஆனாலும் நல்லூரில் இருக்கிற ஒருவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அனுமந்தரத்துக்கு ஆழம் கிடைக்கும். பழுதானால் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரிந்த சாமான், இங்கேயே திருத்தலாம். வெளிநாட்டுப் பெயருள்ள ஆம்ப்பின் உட்பலகை எரிந்தால் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கூடுள்ள கிற்றாரில் ஜாஸ் வாசிக்கிற வாசகர் இந்தப் பந்தியைத் தலைகீழாகப் படிக்கலாம்: காந்தப் பிக்கப், ட்வீட்டர் இல்லாத பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், உடையாத சுத்தம்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ஆம்ப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவில் வாங்கிய பெட்டியின் பின்னால் 100–240 என்று எழுதியிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால், மின்மாற்றி இல்லாமல் செருகும் முதல் நாளே கடைசி நாள். லண்டன், பாரிஸ், சூரிச்சில் வாங்கியவற்றுக்கு அழுத்தம் சரி, பிளக்கை மட்டும் பார்க்க வேண்டும். மின்சாரத்தின் உறுமலும் உண்டு. திருவிழாக்கால அலங்கார விளக்குகளும் மின்பிறப்பாக்கியும் ஒரே இணைப்பில் இருந்தால் 50, 100 ஹேர்ட்ஸில் ஓர் இரைச்சல் எழும். அதைப் போக்க பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது சிலரின் கைவைத்தியம். உயிரோடு விளையாடும் வேலை அது. ஆம்ப்பிலும் டிஐயிலும் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் சமிக்ஞைக் கம்பியின் எர்த்தை மட்டும் பிரிப்பதால் அதை அழுத்திப் பார்க்கலாம். மின்கலத்திலும் ஓடும் ஆம்ப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நட்டமில்லை. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

கடையில் சோதிக்கும்போது உங்கள் வீணை, உங்கள் பிக்கப் இரண்டும் வேண்டும். கடைக்காரரின் கிற்றாரை மீட்டிப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. எல்லாத் திருகையும் நடுவில் வைத்து அனுமந்தரத்தைத் திறந்த தந்தியாக மீட்டுங்கள்: பெட்டி அதிர்கிறதா, சுரம் கேட்கிறதா? அடுத்து சாரணியை ஒரே மெட்டில் இழுத்து ஐந்தாவது சுரம் வரை போய்ப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு தானத்தை வேகமாக, கடினமாக வாசித்து, நகத்தின் அடி உடைகிறதா என்று கேளுங்கள். பின்னர் சத்தத்தைக் கூட்டி ஊளை வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வீணைக் குடத்துக்கு அது பெரும்பாலும் தாழ்நடுப் பகுதியில், 150 முதல் 250 ஹேர்ட்ஸுக்குள் வரும். நாட்ச் என்று பெயரிட்ட திருகு ஒன்று இருந்தால் அதை மெல்ல நகர்த்தி அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டலாம். ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானும் சில வேளை கைகொடுக்கும். இரண்டும் இல்லாத ஆம்ப்பில் பாஸ் திருகை முழுவதுமாக இறக்க வேண்டிவரும், அனுமந்தரம் அதோடு போகும். மண்டபத்தில் ஆம்ப்பைக் குடத்தின் நேர் எதிரே வைக்காமல், வாசிப்பவரின் பின்பக்கம் ஓரமாக, காது மட்டத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மின்விசிறிகள் ஓடும்போதும் மிருதங்கம் வாசிக்கும்போதும் சரி பாருங்கள். சரிவந்ததும் திருகுகளின் இடத்தைக் குறித்துவைத்து, டிஐ ஒயரை ஒலியமைப்பவரிடம் கொடுத்து, எதிரொலி எஃபெக்ட் சேர்க்க வேண்டாம் என்று அந்த அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.