எந்தக் கத்திக்கு எந்த எஃகு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது தங்கச்சி ஒரு கத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எட்டங்குல ஜப்பான் கத்தி, விஜி-10 எஃகு. மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கூர் விளிம்பில் இரண்டு இடத்தில், கடுகு உட்காரும் அளவுக்குப் பல் விழுந்திருந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழியை அப்படியே போட்டு வெட்டினாளாம். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதுண்ணா, இதுகூடத் தாங்காதா?" என்றாள். அம்மாவின் பழைய வெட்டரிவாள் அதே அடுப்படியில்தான் கிடந்தது. எத்தனையோ தீபாவளிக்கு ஆட்டெலும்பு தறித்தது. அதில் ஒரு பல்கூட விழவில்லை.

ஜப்பான் கத்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிவாளின் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து எஃகின் பெயரைப் பார்க்கிறார்கள். அலகு எவ்வளவு நீளம், அதன்மேல் எவ்வளவு அடி விழப்போகிறது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப்போட்டால் பாதிப் பணம் மிச்சம்.

முதலில் மூன்று குணங்கள்

எஃகில் பார்க்க வேண்டியவை மூன்று: கடினம், அடி தாங்கும் வலு, துரு பிடிக்காமை. மூன்றும் ஒரே எஃகில் முழுதாகக் கிடைப்பது அரிது. கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். வீட்டுக் கத்திகள் பெரும்பாலும் 52-க்கும் 62-க்கும் நடுவில் இருக்கும். எண் ஏற ஏறக் கூர் நாள்பட நிற்கும், ஆனால் அடிபட்டால் கடலைமிட்டாய் மாதிரி உடையும். எண் இறங்கினால் கூர் மெழுகு மாதிரி மடங்கும். மடங்கின கூரை இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திவிடலாம். பல் விழுந்தால் அந்தப் பள்ளத்தின் அடிவரைக்கும் மொத்த விளிம்பையும் தேய்த்து இறக்க வேண்டும்.

எஃகைக் கடினமாக்குவது கார்பன். லாரி பட்டையில் அது 0.6 சதவீதம் அளவில் இருக்கும், விஜி-10-ல் 1 சதவீதம். துருவைத் தடுப்பது குரோமியம். துருப்பிடிக்காத கத்தி என்றால் சுமார் 13 சதவீதமாவது வேண்டும். வனேடியம், மாலிப்டினம் போன்றவை கார்பனோடு சேர்ந்து நுண்ணிய கடினத் துகள்களாக நின்று தேய்மானத்தைக் குறைக்கின்றன. அந்தத் துகள்கள் பெரிதாகவும் அதிகமாகவும் இருந்தால் அடி தாங்கும் வலு குறையும்.

அடுத்து நீளம்

மூன்று, நான்கு அங்குலச் சின்னக் கத்தியில் வேகமாக அடி விழுவதில்லை. பூண்டு உரிக்கிறோம், மாங்காய்த் தோல் சீவுகிறோம். அலகு குட்டையாக இருப்பதால் முறுக்கு விசையும் குறைவு. கடினமான எஃகைத் தைரியமாக வைக்கக்கூடிய இடம் இதுதான். ஆனாலும் அடுப்படிச் சின்னக் கத்திக்குப் பெரிய பணம் போட வேண்டாம் என்பதே என் எண்ணம். சிங்க்கில் கிடக்கும், குழந்தைகள் பென்சில் சீவுவார்கள், குப்பையோடு போய்விடவும் கூடும். 55, 56 கடினத்தில் இருக்கும் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு போதும்.

ஆறிலிருந்து எட்டு அங்குலம்தான் வீட்டின் முதன்மைக் கத்தி. யோசித்து வாங்க வேண்டியதும் இதுதான். இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஜெர்மன் வழியில் 1.4116 என்ற எஃகு: கார்பன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, கடினம் 55 முதல் 58. ஜப்பான் வழியில் விஜி-10: கடினம் 60 அளவில், கூர் கோணமும் மெல்லியது. தக்காளியும் வெங்காயமும் மட்டும் நறுக்குகிற வீட்டில் இரண்டாவது அருமையாக வெட்டும். நம் வீட்டில் சேனைக்கிழங்கு உண்டு, பரங்கிக்காய் உண்டு. கத்தி பாதியில் மாட்டிக்கொண்டதும் கையை இப்படியும் அப்படியும் முறுக்குவோம். கடினமான மெல்லிய கூர் அந்த முறுக்கில்தான் உடைகிறது. பலகை இல்லாமல் கிரானைட் மேடையிலேயே நறுக்கும் பழக்கம் இருந்தால் எந்த எஃகும் நிற்காது, கடினமானது முதலில் போகும். அதனால் பொதுவான தமிழ் அடுப்படிக்கு 56, 58 கடினமே சரி என்பேன். இரண்டுக்கும் நடுவில் 14சி28என் என்ற ஸ்வீடன் எஃகு இருக்கிறது. துகள் மிக நுண்ணியது, 58, 60 கடினத்திலும் வலுவாக நிற்கும், கல்லிலும் சீக்கிரம் கூராகும். இது எனக்கு மிகவும் பிடித்தது.

மீன் செதுக்கும் மெல்லிய கத்திக்கு வளைந்து கொடுப்பதுதான் முக்கியம், உப்பு படும் என்பதால் துருப்பிடிக்காததாகவே எடுங்கள்.

பத்தங்குலத்துக்கு மேல் போனால் கணக்கே மாறிவிடும். அரிவாளையும் எலும்பு வெட்டும் கத்தியையும் ஓங்கிப் போடுகிறோம். நீளம் கூடக்கூட அடியின் வேகமும் முறுக்கும் கூடும். விலை உயர்ந்த துருப்பிடிக்காத எஃகு இந்த இடத்தில் தோற்கும், பழைய லாரி பட்டை ஜெயிக்கும். பட்டை எஃகு பிறந்ததே சுமையைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்குத்தான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். அங்கேதான் போக வேண்டும் என்றில்லை, நல்ல கொல்லுப்பட்டறை உங்கள் பக்கத்திலும் இருக்கலாம்.

பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அடித்து வடிவம் கொடுத்த அலகை உலையில் சிவக்க வைப்பார்கள். காந்தம் ஒட்டாத சூடு, சுமார் 770 டிகிரி, அதைத் தாண்டியதும் வாய்ப்பக்கத்தைத் தோய்ச்சலில் இறக்குவார்கள். சுர்ரென்று ஒரு சத்தம். அந்த நிமிடத்தில் விளிம்பு கண்ணாடி போல நொறுங்கும் நிலையில் இருக்கும். பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூடு காட்டும்போது எஃகின் மேல் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோலில் நிறுத்தினால் கடினம் அதிகம், காய்கறிக் கத்திக்கு நல்லது. அரிவாளுக்குக் கத்தரிப்பூ தாண்டி நீலம் எட்டிப் பார்க்க வேண்டும். 220 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குள் நடக்கும் இந்த நிற ஓட்டத்தைச் சரியான இடத்தில் பிடிப்பதுதான் ஆசாரியின் கைத்திறன். ஒரே பட்டையில் செய்த இரண்டு அரிவாள் இரண்டு விதமாக உழைப்பதற்குக் காரணமும் இதுதான். பெரிய பெயருள்ள எஃகும் தோய்ச்சல் கெட்டால் வெறும் தகரம்.

கட்டடக் கம்பியை அடித்து அரிவாள் என்று விற்பதும் உண்டு. அதில் கார்பன் குறைவு, தோய்ச்சல் ஏறாது. சாணைச் சக்கரத்தில் வைக்கச் சொல்லிப் பொறியைக் கவனியுங்கள். பட்டை எஃகு மத்தாப்பு மாதிரி கிளைகிளையாகப் பூக்கும். கம்பி இரும்பின் பொறி நீளமாக ஓடி அடங்கிவிடும்.

கையில் இருக்கும் பணம்

ஐநூறு ரூபாய்க்குள் என்றால் பட்டறைக் கத்திதான் முதல் தேர்வு. துருப்பிடிக்கும். வாழைக்காயும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். வெட்டியதும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். நாளாக ஆகச் சாம்பல் நிறம் படிந்துவிடும், அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது காப்பு. வெறுமனே "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் பொறித்திருக்கும் கத்தியில் 420 போன்ற மென்மையான எஃகு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சாணை பிடிக்கத் தயார் என்றால் அதுவும் உழைக்கும்.

இரண்டு, மூவாயிரம் ஒதுக்க முடிந்தால் முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். 1.4116-ல் ஒரு நல்ல கத்தியும் ஆயிரம் எண் சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள். மழுங்கின ஐயாயிரம் ரூபாய்க் கத்தியைவிடக் கூரான ஐநூறு ரூபாய்க் கத்தி நன்றாக வெட்டும், கையையும் வெட்டாது. மழுங்கின கத்தியை அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலில் ஏறுகிறது.

அதற்கு மேல் செலவழிப்பவர்களுக்கு விஜி-10 உண்டு, ஜப்பானின் யாசுகி ஊர் எஃகுகளான வெள்ளைத்தாள், நீலத்தாள் உண்டு. சுற்றிவரும் தாளின் நிறத்தால் வந்த பெயர்கள். இரண்டுமே துருப்பிடிப்பவை, கூர் ஏறும் அழகில் இணையில்லாதவை. மடக்குக் கத்திகளில் எஸ்30வி வரும். அதில் 4 சதவீதம் வனேடியம், அதன் துகள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம் என்பதால் வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வந்த மேக்னாகட், வலு, துரு எதிர்ப்பு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்ததில் பெரிய சாதனை. ஆனால் காய் நறுக்க அது தேவையில்லை.

வாங்கிய பிறகு

ஒரு தாளின் மூலையை மடித்து மடித்து 90 டிகிரியை 45, அதை 22.5 ஆக்குங்கள். அந்த ஆப்பைக் கல்லின்மேல் வைத்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கத்தியைச் சாய்த்தால் சுமார் 20 டிகிரி. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் பிசிறு தட்டும். விரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்பக்கமாக மட்டும் நகர்த்திப் பாருங்கள். அடி முதல் நுனிவரை பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு திருப்பிப் போட்டுத் தேய்த்து, கடைசியில் மெதுவாக மாறிமாறி இழுத்துப் பிசிறை எடுங்கள்.

தங்கச்சியின் கத்தியில் அந்த இரண்டு பல்லை இறக்க நானூறு எண் கல்லில் ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு ஆயிரத்தில் முடித்தேன். தக்காளியை வைத்ததும் தோல் தானாக விலகியது. கோழி வெட்ட அவளே அம்மாவின் அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.